ஆங்கிலப் பொது ஜெப நூலின் காலை, மாலை வழிபாடுகளில் திருமறைத் தொடர் வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் காலையிலும் மாலையிலும் திருமறைப் பகுதிகளை வாசித்து ஜெபிக்கும் வழக்கம் கிறித்தவ வழிபாட்டு மரபில் தொன்மையானது. துறவியர்க்கும் குருமார்க்கும் உரியதாகச் சுருங்கியிருந்த அவ்வழக்கத்தை 1549ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான பொது ஜெப நூல் ஊர்ச் சபையின் பொது வழிபாடாக மாற்றியமைத்தது. தாய்மொழி, தொடர்ச்சி, பொதுமை ஆகிய மூன்று அடிப்படைகளின் மீது அம்மாற்றம் எழுந்தது. அந்நூலின் வாசிப்பு அட்டவணையையும் வழிபாட்டு வரிசையையும் ஆராய்ந்து, பிற்காலத்தில் இம்மூன்று அடிப்படைகளுள் எவை நிலைத்தன, எவை தளர்ந்தன, ஏன் தளர்ந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காலை வழிபாடு, மாலை வழிபாடு, பொது ஜெப நூல், கிரான்மர், தொடர் வாசிப்பு, சங்கீதம், வாசிப்பு அட்டவணை.

முன்னுரை

வழிபாட்டு நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் ஜெபங்களையும் பாடல்களையும் கோட்பாட்டு நிலைப்பாடுகளையுமே முதன்மையாகக் கொள்வர். நூலின் முகப்பில் எண்களால் நிரம்பியிருக்கும் வாசிப்பு அட்டவணையைப் பலரும் எளிதில் கடந்துவிடுகின்றனர். ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெப நூலைப் பொறுத்தவரை அந்த அட்டவணையே காலை, மாலை வழிபாடுகளின் முதுகெலும்பு எனலாம். எந்த நாளில், எந்த வேளையில், எந்த நூலின் எந்த அதிகாரம் வாசிக்கப்பட வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. ஜெபங்கள் அவ்வாசிப்பைச் சூழ்ந்து நிற்கின்றன.

திருமறையைக் கேட்பதே முதற்செயல், ஜெபம் அதற்குச் சபை அளிக்கும் மறுமொழி என்பது இந்த அமைப்பின் உட்கருத்தாகும். இக்கருத்து எவ்வாறு உருப்பெற்றது, நடைமுறையில் எவ்வாறு சிதைந்தது என்பதை அட்டவணையின் கணக்கைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவேளை வழிபாட்டின் தொல்மரபு

காலையும் மாலையும் இறைவனை நினைத்தல் யூத சமயத்திலிருந்து கிறித்தவத்திற்கு வந்த மரபாகும். எருசலேம் ஆலயத்தில் நாள்தோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் மாலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் பலியிடப்பட வேண்டும் என யாத்திராகமத்தின் 29ஆம் அதிகாரம் விதிக்கிறது. படுக்கும்போதும் எழும்போதும் இறைவாக்கைப் பேசுமாறு உபாகமத்தின் 6ஆம் அதிகாரம் பணிக்கிறது. 141ஆம் சங்கீதம் ஜெபத்தை மாலைப் பலிக்கு ஒப்பிடுகிறது. ஆலயப் பலி நின்ற பின்னரும் அதன் வேளைகள் ஜெப வேளைகளாக நிலைத்தன.

கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் கிறித்தவத்தில் இரு வகையான நாள் வழிபாடுகள் வளர்ந்திருந்தன. ஒன்று, ஊர் மக்கள் ஆயரோடு கூடிக் காலையும் மாலையும் நடத்திய வழிபாடு. இதில் வேளைக்குப் பொருத்தமான சில சங்கீதங்களே திரும்பத் திரும்பப் பாடப்பட்டன. மற்றொன்று துறவியர் வழிபாடு. இதில் சங்கீதங்கள் வரிசை பிறழாமல் முதலிலிருந்து இறுதிவரை ஓதப்பட்டன. முன்னதில் வேளை பாடலைத் தேர்ந்தது. பின்னதில் நூலின் வரிசையே பாடலைத் தீர்மானித்தது.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு, 150 சங்கீதங்களும் ஒரு வாரத்திற்குள் ஓதி முடிக்கப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டது. இரவு வழிபாடு தொடங்கிப் படுக்கைக்கு முந்திய வழிபாடு வரை எட்டு வேளைகள் அமைந்தன. உழைத்துண்ணும் குடும்பத்தார் இத்தனை வேளைகளில் கூடுதல் இயலாது. வழிபாட்டு மொழியான இலத்தீனும் காலப்போக்கில் மக்களுக்கு விளங்காததாயிற்று. இவ்வாறு நாள் வழிபாடு மடத்திற்கும் குருவிற்கும் உரியதாகச் சுருங்கியது.

சீர்திருத்தத்திற்கு முன் நிலவிய சிக்கல்

இடைக்காலத்தின் இறுதியில் துறவியர் வழிபாட்டின் தொடர் வாசிப்பும் சிதைந்துவிட்டது. புனிதர்களின் திருநாள்கள் பெருகின. ஒவ்வொரு திருநாளும் தனக்குரிய சங்கீதங்களையும் வாசகங்களையும் கொண்டிருந்ததால், அன்றைய வரிசை வாசிப்பு கைவிடப்பட்டது. நூல்கள் தொடங்கப்பட்டனவேயன்றி முடிக்கப்படவில்லை. எந்த நாளில் எதை வாசிப்பது என்பதைக் கண்டறியும் விதிகள், வாசிப்பதைவிடக் கடினமாயின.

இக்குறையைக் களையும் முயற்சி முதலில் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. திருத்தந்தை ஏழாம் கிளமெண்டின் பணிப்பின் பேரில் கர்தினால் கினியோனெஸ் தொகுத்த ஜெப நூல் 1535ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருநாள் குறுக்கீடுகளைக் குறைத்து, சங்கீதங்களை வாரந்தோறும் முழுமையாக ஓதவும் திருமறையின் பெரும்பகுதியை ஆண்டிற்குள் வாசிக்கவும் அது வழி செய்தது. தனியே ஓதும் குருமார்க்கென அமைந்த அந்நூல் 1558இல் விலக்கப்பட்டது. 1568இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட ஜெப நூல் பழைய அமைப்பையே சீர்செய்து நிலைநிறுத்தியது.

கினியோனெஸின் முன்னுரையைக் கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் நன்கு அறிந்திருந்தார். 1549ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலின் முன்னுரை பல இடங்களில் அதனைத் தழுவியே அமைந்துள்ளது. எனினும் இருவரின் நோக்கமும் வேறானது. கினியோனெஸ் குருவின் வாசிப்பைச் செம்மைப்படுத்தினார். கிரான்மரோ ஊர்ச் சபையின் செவியைக் கருதினார்.

எட்டு வேளைகள் இரண்டானமை

கிரான்மரின் பணிக்குக் களம் முன்பே அமைந்திருந்தது. 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்கள் கலைக்கப்பட்டன. 1538இல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஆங்கிலத் திருமறை ஒன்று வைக்கப்பட வேண்டும் என ஆணை பிறந்தது. அதற்கெனவே 'பெரிய திருமறை' 1539இல் அச்சிடப்பட்டது. பொது ஜெப நூல் 1549 ஜூன் 9ஆம் நாள், பெந்தெகொஸ்தே திருநாளன்று, நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

அந்நூலில் இரவு வழிபாடும் விடியல் வழிபாடும், முதல் மணி வழிபாட்டின் சில கூறுகளும் இணைந்து காலை வழிபாடாயின. அந்தி வழிபாடும் படுக்கைக்கு முந்திய வழிபாடும் இணைந்து மாலை வழிபாடாயின. பகலின் இடைவேளை வழிபாடுகள் கைவிடப்பட்டன. பழைய கூறுகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பாடல்களே காட்டுகின்றன. தே தேயும் என்னும் புகழ்ப்பாடல் இரவு வழிபாட்டிற்கு உரியது. சகரியாவின் கீதம் விடியல் வழிபாட்டிற்கு உரியது. மரியாளின் கீதம் அந்தி வழிபாட்டிலும், சிமியோனின் கீதம் படுக்கைக்கு முந்திய வழிபாட்டிலும் பாடப்பட்டவை. கிரான்மர் புதிதாகக் கட்டியவர் அல்லர். பழைய கற்களைக் கொண்டே சிறிய, மக்கள் நுழையத்தக்க கட்டடத்தை எழுப்பியவர் எனலாம்.

1552ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் தொடக்கத்தில் திருமறை வாக்கியங்கள், பாவ அறிக்கை, பாவமன்னிப்பு ஆகியன சேர்க்கப்பட்டன. 1662ஆம் ஆண்டுப் பதிப்பில் நிலைபெற்ற வடிவம் பெரும்பாலும் இதுவே.

வாசிப்பு அட்டவணையின் கணக்கு

சங்கீதங்களை வாரத்திற்கு ஒருமுறை என்பதிலிருந்து மாதத்திற்கு ஒருமுறை எனக் கிரான்மர் மாற்றினார். 30 நாள்களுக்கும் காலை, மாலை என 60 பங்குகள் பிரிக்கப்பட்டன. முதல் நாள் காலையில் 1 முதல் 5 வரையிலும், மாலையில் 6 முதல் 8 வரையிலும் உள்ள சங்கீதங்கள் ஓதப்படும். 30ஆம் நாள் மாலையில் 147 முதல் 150 வரை ஓதி நூல் நிறைவுறும். ஒரு வேளைக்குச் சராசரியாக 40 வசனங்கள் வரும். நீண்ட 78ஆம் சங்கீதம் 15ஆம் நாள் மாலையில் தனித்து ஓதப்படும். 119ஆம் சங்கீதம் 24ஆம் நாள் மாலை தொடங்கி 26ஆம் நாள் மாலை வரை ஐந்து வேளைகளில் பகிரப்பட்டுள்ளது. 31ஆம் நாள் வரும் மாதங்களில் 30ஆம் நாளின் சங்கீதங்கள் மீளவும் ஓதப்படும் என 1662ஆம் ஆண்டு நூல் விதிக்கிறது.

வாசகங்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு வேளையிலும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் வாசிக்கப்பட்டன. காலையில் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், மாலையில் நிருபங்களும் இடம்பெற்றன. சான்றாக, ஜனவரி 2ஆம் நாள் காலையில் 9, 10, 11 ஆகிய சங்கீதங்களும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமும் மத்தேயுவின் முதல் அதிகாரமும் வாசிக்கப்படும். அன்று மாலையில் 12, 13, 14 ஆகிய சங்கீதங்களும் ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரமும் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரமும் தொடரும். ஆண்டின் தொடக்கத்தில் பழைய ஏற்பாட்டின் முதல் நூல், சுவிசேஷத்தின் முதல் நூல், நிருபங்களின் முதல் நூல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் தொடங்குவதை இங்குக் காணலாம்.

புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களில் வெளிப்படுத்தின விசேஷத்தின் 22 அதிகாரங்கள் நீங்கலாக 238 எஞ்சும். இவற்றுள் நான்கு சுவிசேஷங்களும் நடபடிகளும் சேர்ந்து 117 அதிகாரங்கள். ரோமர் முதல் யூதா வரையிலான நிருபங்கள் 121 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றாக வாசித்தால் முன்னவை மூன்று சுற்றுகளில் 351 நாள்களிலும், பின்னவை 363 நாள்களிலும் முடியும். ஓர் ஆண்டில் புதிய ஏற்பாடு மும்முறை வாசிக்கப்படும் என்னும் முன்னுரையின் கூற்று வெறும் விருப்பம் அன்று, கணக்கிட்டு எழுதப்பட்டது என்பது இதனால் தெளிவாகிறது. நீண்ட அதிகாரங்களின் பகுப்பும் திருநாள்களுக்குரிய தனி வாசகங்களும் எஞ்சிய சில நாள்களை நிரப்பின.

பழைய ஏற்பாட்டின் கணக்கு இத்துணை எளிதன்று. அதன் 929 அதிகாரங்களில் சங்கீதங்கள் நீங்கலாக 779 எஞ்சும். நாளுக்கு இரண்டாக ஆண்டிற்கு 730 அதிகாரங்களுக்கே இடமுண்டு. தள்ளுபடி ஆகமங்களிலிருந்தும் வாசிக்க வேண்டியிருந்ததால் சில பகுதிகள் நீக்கப்பட்டேயாக வேண்டும். லேவியராகமத்தின் பெரும்பகுதி, நாளாகமங்கள், உன்னதப்பாட்டு, எசேக்கியேலின் பல அதிகாரங்கள் ஆகியன விடப்பட்டன. சபையின் பக்தி வளர்ச்சிக்குக் குறைவாகவே உதவும் பகுதிகள் விடப்பட்டன என்று முன்னுரை காரணம் கூறுகிறது. ஏசாயா நூல் மட்டும் தன் இடத்திலிருந்து எடுக்கப்பட்டு, கிறிஸ்து பிறப்பை எதிர்நோக்கும் ஆண்டிறுதிக் காலத்திற்கு ஒதுக்கப்பட்டது.

வாசிப்பின் அலகு முழு அதிகாரமாக அமைந்ததற்கு அச்சு வரலாறும் ஒரு காரணம் ஆகலாம். கிரான்மர் காலத்துப் 'பெரிய திருமறை'யில் வசன எண்கள் இல்லை. ஆங்கிலத்தில் வசன எண்களோடு முழுத் திருமறை 1560ஆம் ஆண்டின் ஜெனீவாப் பதிப்பிலேயே வெளிவந்தது. எனவே ஊர்க் குருவிற்கு எளிதில் சுட்டத்தக்க அலகு அதிகாரமே. இக்கட்டுப்பாடு ஒரு பயனையும் தந்தது. கேட்போருக்கு ஒரு நிகழ்ச்சியோ வாதமோ இடையில் நறுக்கப்படாமல் பெரும்பாலும் முழுமையாகக் கிடைத்தது.

வாசிப்பும் மறுமொழியும்

வாசகங்களுக்கிடையே பாடல்கள் வைக்கப்பட்ட முறையும் எண்ணத்தக்கது. மாலை வழிபாட்டைச் சான்றாகக் கொள்ளலாம். பழைய ஏற்பாட்டு வாசகம் முடிந்ததும் லூக்கா முதல் அதிகாரத்தின் மரியாளின் கீதம் பாடப்படுகிறது. முன்னோருக்கும் ஆபிரகாமுக்கும் தந்த வாக்கை இறைவன் நினைவுகூர்ந்தார் என்பது அக்கீதத்தின் முடிவு. பழைய ஏற்பாட்டில் எந்த அதிகாரத்தைக் கேட்டிருந்தாலும், அதனை நிறைவேறும் வாக்குறுதியாகக் கொள்ளுமாறு அக்கீதம் சபையைப் பயிற்றுகிறது. அடுத்துப் புதிய ஏற்பாட்டு வாசகமும், அதன்பின் லூக்கா 2ஆம் அதிகாரத்தின் சிமியோனின் கீதமும் வருகின்றன. இரட்சிப்பைக் கண்ணால் கண்டதாக முதியவர் சிமியோன் கூறுகிறார். செவியால் கேட்ட சபை அவர் சொற்களைத் தன் சொற்களாக ஏற்கிறது. பகல் முடிந்து ஓய்வை நாடும் மாலை வேளைக்கும், அமைதியுடன் விடைபெறும் முதியவரின் கூற்றிற்கும் இயைபு உண்டு.

பாடலின் பின் விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் குறுகிய வேண்டுதல்களும் தொடர்கின்றன. காலையில் அன்றைய நாளைத் தீமையின்றிக் கடக்க அருள் வேண்டும் ஜெபமும், மாலையில் இரவின் இடர்களிலிருந்து காக்க வேண்டும் ஜெபமும் நிலையாக அமைந்துள்ளன. கேட்டல், புகழ்தல், அறிக்கையிடல், வேண்டல் என்பது வரிசை. வேண்டுதல் இறுதியிலேயே வருகிறது. மனிதன் தன் தேவையைக் கூறுமுன் இறைவாக்கைக் கேட்க வேண்டும் என்னும் இறையியல், விளக்கவுரை எதுவுமின்றி வரிசையாலேயே உணர்த்தப்படுகிறது.

நாள்தோறும் மாறும் வாசகமும் மாறாத பாடலும் ஒன்றையொன்று தாங்குகின்றன. எழுத்தறியாதோரும் சில மாதங்களில் கீதங்களை மனனம் செய்துவிட இயலும். மாறாதவை நினைவில் நிற்க, மாறுபவை அறிவை விரிக்கும். 1662ஆம் ஆண்டில் நிருபம், சுவிசேஷம் ஆகிய திருவிருந்து வாசகங்கள் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிற்கு மாற்றப்பட்டன. சங்கீதங்கள் மட்டும் 'பெரிய திருமறை'யின் பழைய வடிவிலேயே விடப்பட்டன. ஒரு நூற்றாண்டிற்கு மேலாகச் சபையின் நாவில் பழகிய சொற்களை மாற்ற இயலவில்லை என்பதை இது காட்டுகிறது.

நூலில் நாள்தோறும், சட்டத்தில் வாரந்தோறும்

இவ்வமைப்பின் வலிமையே அதன் வலுவின்மையும் ஆயிற்று. தொடர் வாசிப்பு பயன் தர வேண்டுமாயின் அதே மக்கள் நாள்தோறும் வர வேண்டும். 1552ஆம் ஆண்டு நூல் குருமாரும் உதவிக்குருமாரும் நாள்தோறும் இருவேளையும் ஓத வேண்டும் என்றும், ஊர்க் குரு மணியடித்து மக்களை அழைக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் மக்களைக் கட்டுப்படுத்திய சட்டம் ஞாயிறு, திருநாள் வருகையை மட்டுமே வற்புறுத்தியது. 1559ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாள்களில் வராதோர்க்கு 12 பென்ஸ் தண்டம் விதித்தது. நூல் நாள்தோறும் கூடும் சபையைக் கருதியது. சட்டமோ வாரந்தோறும் கூடும் சபையையே உருவாக்கியது.

இம்முரண் வாசிப்பை எவ்வாறு பாதித்தது என்பதை எளிதில் கணக்கிடலாம். ஞாயிறுதோறும் இருவேளையும் தவறாது வருபவர்கூட, இடைப்பட்ட ஆறு நாள்களில் பழைய ஏற்பாட்டின் 12 அதிகாரங்களை இழப்பார். மத்தேயுவின் 28 அதிகாரங்களுள் ஒரு சுற்றில் நான்கினையே அவர் கேட்க இயலும். மலைப்பொழிவு 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்களில் அமைந்து அடுத்தடுத்த மூன்று நாள்களில் வாசிக்கப்படுவதால், அச்சுற்றில் அதன் ஓர் அதிகாரத்திற்கு மேல் அவர் செவியில் விழ வாய்ப்பில்லை. யோசேப்பின் கதையைத் தொடக்கத்தில் கேட்டவர் அதன் முடிவைக் கேளாமலே போகக்கூடும். திருமறை முழுவதையும் மக்களுக்கு அளிக்க வகுக்கப்பட்ட முறையே, ஞாயிறு மட்டும் வருபவர்க்குத் தொடர்பற்ற துணுக்குகளை அளித்தது.

இச்சிக்கல் விரைவிலேயே உணரப்பட்டது. 1559ஆம் ஆண்டு நூலில் ஞாயிறுகளுக்கெனத் தனிப் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் வரையறுக்கப்பட்டன. ஞாயிறு மக்களுக்கு இது நன்மை தந்தது. ஆனால் அட்டவணை இரண்டாகப் பிளந்தது. நாள் வரிசை குருவிற்கும், ஞாயிறு வரிசை மக்களுக்கும் எனப் பிரிவினை தொடங்கியது. கிரான்மர் அகற்ற முயன்ற பழைய பிரிவினையே வேறு வடிவில் திரும்பியது எனலாம்.

நூல் கருதிய வகையில் நாள்தோறும் கூடிய குழுக்களும் இருந்தன. 1620களில் நிக்கோலஸ் ஃபெரர் லிட்டில் கிடிங் என்னும் ஊரில் தம் குடும்பத்தாரோடு அமைத்த சமூகம் பொது ஜெப நூலின் வழிபாடுகளை நாள்தோறும் நடத்தியது. சங்கீதங்கள் முழுவதையும் ஒவ்வொரு நாளிலும் ஓதி முடித்தது. 1630 முதல் 1633 வரை பெமர்ட்டன் ஊரில் குருவாயிருந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் வீட்டாரோடும் ஊராரோடும் இருவேளையும் கோயிலில் ஜெபித்தார். மணியோசை கேட்ட உழவர் ஏரை நிறுத்தித் தாமும் ஜெபித்ததாக அவர் வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் குறிப்பிடுகிறார். இவை பொதுவழக்கைக் காட்டுவன அல்ல. விதிவிலக்குகளாக இருந்தமையாலேயே இவை நினைவில் நின்றன.

பொது ஜெப நூலை எதிர்த்த பியூரிட்டன் மரபினரும் தொடர் வாசிப்பை ஏற்றனர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1645இல் அந்நூல் தடைசெய்யப்பட்டபோது அதற்கு மாற்றாக வந்த வழிபாட்டு நெறிமுறை, ஒவ்வொரு கூடுகையிலும் இரு ஏற்பாடுகளிலிருந்தும் ஓர் அதிகாரம் வரிசையாக வாசிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எழுதி வைத்த ஜெபங்களை அவர்கள் மறுத்தனர். வரிசையான வாசிப்பை மறுக்கவில்லை.

அதிகாரத்திலிருந்து பகுதிக்கு

19ஆம் நூற்றாண்டின் திருத்தங்கள் வாசிப்பின் அலகையே மாற்றின. 1871ஆம் ஆண்டு அட்டவணை அதிகார எல்லைகளை விட்டு, வசன எண்களைக் கொண்டு பொருள் நோக்கிப் பகுதிகளை வரையறுத்தது. பல வாசகங்கள் குறுகின. புதிய ஏற்பாட்டு வாசிப்பு ஆண்டிற்கு மும்முறை என்பது இருமுறையாயிற்று. வெளிப்படுத்தின விசேஷம் நாள் வாசிப்பில் இடம்பெற்றது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் வாரநாள்களில் வழிபாட்டைச் சுருக்கி நடத்த இசைவளித்தது. 1922ஆம் ஆண்டு அட்டவணை ஜனவரி முதலான நாட்காட்டியை விட்டுத் திருச்சபை ஆண்டின் காலங்களைப் பின்பற்றியது.

இம்மாற்றங்களை வீழ்ச்சி என ஒருதலையாகக் கூறுதல் பொருந்தாது. அதிகாரப் பிரிப்பு சில இடங்களில் பொருளை இடையில் வெட்டுவதால், பகுதி வரையறை கேட்போர்க்கு உதவியது. வாழ்க்கையில் விரைவு மிகுந்த காலத்தில் குறுகிய வழிபாடே நிலைக்கும் என்னும் வாதத்திலும் வலுவுண்டு. எனினும் பகுதியைத் தேர்தல் என்பது விளக்கம் கூறுதலும் ஆகும். முழு அதிகாரம் வாசிக்கப்படும்போது கடினமான, விரும்பப்படாத பகுதியும் சபையின் முன் வரும். தேர்ந்த பகுதியில் தேர்ந்தவரின் கருத்து முன்னரே நுழைந்துவிடுகிறது. கிரான்மரும் லேவியராகமத்தைப் பெரிதும் விட்டவரே. ஆயினும் எடுத்துக்கொண்ட நூலுக்குள் அவர் தேர்வு குறைவு.

இதே காலத்தில் இல்ல ஜெப மரபில் அலகு மேலும் சுருங்கியது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1728இல் சின்சென்டார்ஃப் பிரபு தொடங்கி 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகும் 'நாள் வசனங்கள்' நாளுக்கு ஒரு குறுவாசகத்தைச் சமூகத்தின் முன் வைத்தன. 1860களில் ஸ்பர்ஜன் எழுதிய காலை, மாலைத் தியான நூல்கள் வேளைக்கு ஒரு வசனமும் அதற்கு ஒரு விளக்கமும் என அமைந்தன. ஸ்காட்லாந்தின் மெக்ஷெய்ன் 1842இல் தம் சபைக்கென வகுத்த திட்டம் இப்போக்கிற்கு எதிரானது. பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் ஓராண்டில் வாசிக்க அது வழிகாட்டியது. எனவே இல்ல மரபில் அதிகார நெறியும் வசன நெறியும் இணைந்தே வளர்ந்தன. முன்னது நூலை அறியச் செய்கிறது. பின்னது சொல்லை உள்ளத்தில் நிறுத்துகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே வினா எழுந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, காலைப் புகழையும் மாலைப் புகழையும் நாள் வழிபாட்டின் இரு கீல்கள் என உரைத்தது. 1971இல் வெளியான திருத்திய நூலில் சங்கீதங்கள் நான்கு வாரச் சுழற்சியில் அமைந்தன. வாரச் சுழற்சியிலிருந்து மாதத்தை ஒட்டிய சுழற்சிக்கு வந்தமை கிரான்மரின் முடிவை நினைவூட்டுகிறது.

தமிழ்ச் சபைகளில் இம்மரபு

ஆங்கில மிஷனரிச் சங்கங்களின் வழியாகப் பொது ஜெப நூல் தமிழுக்கு வந்தது. ஒப்பிலக்கண ஆசிரியராகத் தமிழுலகம் அறிந்த கால்டுவெல் தமிழ்த் திருமறையின் திருத்தப் பணியிலும் தமிழ் ஜெப நூலின் திருத்தப் பணியிலும் பங்குகொண்டவர். 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சிற்றூர்களில் உபதேசியார் தலைமையில் ஜெபவீடுகளில் மக்கள் நாள்தோறும் கூடினர். குரு ஒருவர் பல ஊர்களுக்குப் பொறுப்பேற்ற சூழலில், உபதேசியாரின் வாசிப்பே பலருக்குத் திருமறையாயிற்று. மணியோசை கேட்டு நாள்தோறும் கூடும் ஊர் என்னும் கிரான்மரின் கருத்துக்கு இச்சிற்றூர்கள் அணுக்கமானவை.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் மரபோடு பிற மரபுகளையும் இணைத்தது. காலை ஆராதனை, மாலை ஆராதனை என்னும் பெயர்கள் தமிழ்ச் சபைகளில் இன்றும் வழங்குகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் ஞாயிறு வழிபாட்டையே குறிக்கின்றன. பெயரில் எஞ்சிய நாள் வழக்கு இல்லங்களின் குடும்ப ஜெபத்தில் வாழ்கிறது. புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் பெறும் வழக்கம் வசன நெறியின் செல்வாக்கைக் காட்டுகிறது.

தமிழ்ச் சைவ மரபில் திருவாசகத்தை முழுமையாக ஓதுதலை முற்றோதல் என்பர். தொடர் வாசிப்பின் இயல்பை உணர்த்த இச்சொல் உதவும். ஆனால் முற்றோதல் பெரும்பாலும் ஒரே அமர்வில் நிறைவுறுவது. பொது ஜெப நூலின் வாசிப்பு ஆண்டு முழுவதும் பரவிய முற்றோதலாகும். உழைப்பிற்கும் உறக்கத்திற்கும் இடையே அது நிகழ்வதால், நூலின் முடிவை அடைய வாழ்க்கையின் ஓராண்டு தேவைப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பொது ஜெப நூலின் காலை, மாலை வழிபாடுகளில் வாசிப்பு அட்டவணை பின்னிணைப்பு அன்று. அதுவே அமைப்பின் மையம். புதிய ஏற்பாட்டு அதிகாரங்களின் கணக்கு இதனை உறுதிசெய்கிறது.

2. வாசகத்திற்குப் பின் பாடலும் இறுதியில் வேண்டுதலும் வரும் வரிசை, ஜெபத்தைத் திருமறைக்கான மறுமொழியாக ஆக்குகிறது.

3. தாய்மொழி, தொடர்ச்சி, பொதுமை ஆகிய மூன்றனுள் தாய்மொழி நிலைத்தது. மற்ற இரண்டும் தளர்ந்தன. அவை தனித்தனியே தளரவில்லை. நாள்தோறும் கூடும் சபை குறைந்தபோதே தொடர்ச்சியும் பொருளிழந்தது.

4. பிற்கால அட்டவணைத் திருத்தங்கள், வாரத்திற்கு ஒருமுறை கூடும் சபைக்கு நாள்தோறும் கூடும் சபையின் நூலைப் பொருத்தும் முயற்சிகளே.

வாசிப்பின் அலகைக் குறைப்பதால் இச்சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை என்பதை மூன்று நூற்றாண்டுத் திருத்த வரலாறு காட்டுகிறது. வழிபாட்டு நூல்களைத் திருத்துவோரும் ஆராய்வோரும் எதை வாசிப்பது என்னும் வினாவோடு, யார் கூடியிருந்து கேட்கின்றனர் என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். முதல் வினாவிற்கான விடை இரண்டாம் வினாவையே சார்ந்துள்ளது.